பட்டுவின் மருத்துவக் கோப்பில் ஒரு வரி

எங்கள் நாய் பட்டுவின் மருத்துவக் கோப்பில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எழுதப்பட்ட ஒரு வரி இருக்கிறது. ஆண்டுதோறும் போடும் தடுப்பூசிக்காக அவளை அழைத்துச் சென்றிருந்தோம். மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் கேட்டுவிட்டு, இடப்பக்கத்தில் மெல்லிய இதய முணுமுணுப்பு இருப்பதாகவும், ஆறு படிகள் கொண்ட அளவில் அது இரண்டாம் படி என்றும் சொன்னார். சொன்னதை அப்போதே கணினியிலும் பதிந்தார். பட்டு அதே மேசையில் நின்றபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அதன் பிறகு அவளுக்கு எந்தக் காப்புறுதி கிடைக்கும், எது கிடைக்காது என்பதையெல்லாம் அந்த ஒரு வரிதான் முடிவு செய்தது.

இதை இப்போது எழுதக் காரணம் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் இருக்கும் என் தங்கை. அவள் வீட்டுப் பூனை கருப்பனுக்கு நான்கு வயது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கப் பல்லாண்டுகளாக இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியபோது, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் அவற்றுக்கு மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம் என்றும் விதி வந்தது. அதன்படி சிப் பொருத்தி, உரிமம் எடுத்து, கருப்பனை முறையாகப் பதிவு செய்த கையோடு, "அக்கா, இவனுக்குக் காப்புறுதி எடுக்கலாமா? வயசான பிறகு எடுத்தால் போதாதா?" என்று கேட்டாள். தொலைபேசியில் இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு எழுதத் தொடங்கியதைத்தான் விரித்து இங்கே எழுதுகிறேன்.

"வயசான பிறகு எடுத்தால் போதாதா" என்ற எண்ணம் தங்கைக்கு மட்டும் உரியதன்று, எனக்கும் இருந்தது. சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகவே வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். என் அம்மா 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவர். அவருக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் 2015 நவம்பரில் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்தே அது ஏற்றுக்கொண்டது, வாழ்நாள் முழுவதற்கும். பலதுறை மருந்தகத்தில் சலுகை, சந்தா கட்ட மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு, மருத்துவமனையில் சேர்ந்தால் மானியம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாட்டைப் பார்த்தே பழகியதால், காப்புறுதி என்றாலே நோய் வந்தபின் கைகொடுப்பது என்ற நம்பிக்கை மனத்தில் படிந்துவிடுகிறது.

செல்லப்பிராணிக்கான காப்புறுதியில் இவற்றுள் எதுவுமே இல்லை. அது ஓராண்டு ஒப்பந்தம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படும்போது சந்தாவும் விதிகளும் மாறலாம். புதிதாகச் சேர வயது வரம்பு உண்டு. நான் படித்த திட்டங்களில் அது பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது வயதோடு முடிந்தது. விண்ணப்பிப்பதற்கு முன்பே தெரிந்த நோய்க்கு இழப்பீடு கிடையாது. நோயின் பெயர் தெரியாமல் அறிகுறி மட்டும் கோப்பில் இருந்தாலும் அதே விதிதான். சேர்ந்த முதல் சில வாரங்கள் காத்திருப்புக் காலம், அதற்குள் தொடங்கும் நோயும் விலக்கு. மானியம் ஏதுமில்லாத மருத்துவக் கட்டணத்தின்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேருகிறது.

முதியவருக்கு ஏற்படும் தளர்ச்சி அவரை மனிதக் காப்புறுதிக்கு உரியவராக்குகிறது. நாய்க்கோ பூனைக்கோ ஏற்படும் தளர்ச்சி அதைக் காப்புறுதியிலிருந்து வெளியே தள்ளுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டும், பட்டுவின் நுரையீரலில் தேங்கிய நீரும் தேவைப்பட்டன.

நடந்ததைச் சொல்கிறேன். முணுமுணுப்பு தெரிந்ததும் மருத்துவர், இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார். சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல் போய், இரத்தம் பின்னோக்கிக் கசியும். அந்தக் கசிவின் ஒலிதான் முணுமுணுப்பு. ஆண்டுக்கணக்கில் தொல்லை தராமலும் இருக்கலாம், இதயம் மெல்ல மெல்ல வீங்கிக்கொண்டும் போகலாம். எது என்பதைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாது, படம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவே, அவளுக்குக் காப்புறுதி இல்லையே என்ற பதற்றத்தில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன்.

ஸ்கேனை நான் தள்ளிப்போட்டேன். காப்புறுதி உறுதியாகும்வரை கோப்பில் இன்னொரு வரி ஏற வேண்டாம் என்று நினைத்தேன். முணுமுணுப்பை நான் மறைக்கவில்லை. தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய எல்லா விவரங்களையும் முழுமையாகவும் உண்மையாகவும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காப்புறுதி செல்லாமல் போகலாம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இங்குள்ள சட்டப்படி அந்த எச்சரிக்கை இடம்பெற்றாக வேண்டும். எனவே உள்ளதை எழுதினேன். அவர்கள் மருந்தகத்திடமிருந்து குட்டிப் பருவத்துக் கோப்புவரை கேட்டு வாங்கினார்கள். ஆறு வாரங்களுக்குப் பின் வந்த கடிதத்தில், இதயமும் இரத்த ஓட்டமும் தொடர்பான எந்த நோய்க்கும் இழப்பீடு இல்லை என்றும், 2019இல் இடப் பின்னங்கால் முட்டிச் சில்லு ஒருமுறை விலகியதாகக் குறிப்பு இருப்பதால் இரண்டு பின்னங்கால் முட்டிகளுக்கும் இழப்பீடு இல்லை என்றும் இருந்தது. வலக்கால் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தொலைபேசியில் கேட்டேன். ஒரு பக்கம் வந்தது மறு பக்கமும் வரும் என்று கொள்வது இத்தகைய காப்புறுதிகளில் வழக்கம் என்றார்கள்.

இதயமும் முட்டியும் போனால் ஷிட்சூ இனத்து நாயின் முதுமையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று சோர்ந்துபோய், நான் அந்தக் காப்புறுதியை எடுக்கவில்லை. அந்தச் சோர்விலேயே ஸ்கேனும் கிடப்பில் போனது. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. இந்த வால்வு நோயால் இதயம் வீங்கியும் அறிகுறி இன்னும் தெரியாத 360 நாய்களைக் கொண்டு நடத்தி, 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிமோபெண்டன் என்ற மாத்திரையை அந்த நிலையிலேயே தொடங்கினால் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் தள்ளிப்போகிறது என்று கண்டார்கள். பட்டுவின் இதயம் 2022இல் அந்த நிலையில் இருந்ததா என்பது தெரிய வழியில்லாமல் போனதற்கு, அன்று நான் எடுக்காமல் விட்ட ஸ்கேன்தான் காரணம்.

2023 ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை இரண்டரை மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். "அவளுக்கு மூச்சு முட்டுது, எந்திரி." பட்டு முன்னங்கால்களை அகட்டிக் கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தாள், படுக்க முடியவில்லை. டாக்சியில் அவளை மடியில் கிடத்த முயன்றபோதெல்லாம் எழுந்து நின்றுகொண்டாள். இரவு முழுதும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனையில் அவளை ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்த பிறகு, முன்பணமாக 2,000 வெள்ளி கட்டச் சொன்னார்கள். இரண்டு இரவுகள் அங்கே இருந்தாள். மொத்தக் கட்டணம் 2,864 வெள்ளி.

முன்பணத்தைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் முழுமையான காப்புறுதி இருந்திருந்தாலும் அன்றிரவு அந்த 2,000 வெள்ளியை நான்தான் கட்டியிருக்க வேண்டும். இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை, நாம் முதலில் செலுத்தி, ரசீதையும் மருத்துவ அறிக்கையையும் அனுப்பி, பின்னர் பெற்றுக்கொள்ளும் வகையிலேயே அமைந்தவை. ஆகவே காப்புறுதி வைத்திருப்பவரிடமும் உடனே எடுக்கக்கூடிய ரொக்கம் இருந்தே ஆக வேண்டும். இதைத் தெரியாமல் காப்புறுதியை மட்டும் நம்பியிருப்பவர் நள்ளிரவில் அந்த முகப்பின் முன்னால் நிற்கும் நிலையை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பட்டு பிழைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. நாள்தோறும் காலையும் மாலையும் பிமோபெண்டன், நீர் பிரியும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். செலவில்லாத மருத்துவம் ஒன்றும் இருக்கிறது; அதை அம்மா செய்கிறார். அவள் ஆழ்ந்து தூங்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பதினைந்து வினாடிகளுக்கு எண்ணி, நான்கால் பெருக்கி, நாட்காட்டித் தாளின் அன்றைய கட்டத்தில் எழுதி வைப்பார். முப்பதைத் தாண்டினால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இருபதுக்கும் இருபத்து நான்குக்கும் இடையில் இருக்கிறது. சென்ற பிப்ரவரியில் இரண்டு நாள் முப்பத்தாறு வந்தது. மாத்திரையின் அளவை மாற்றியதோடு சரியாகிவிட்டது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. வயதான நாயோ பூனையோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்த எண்ணிக்கையைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தங்கைக்குப் பதில் எழுதுவதற்காக, பட்டுவுக்கு இரண்டு வயதிலேயே காப்புறுதி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுத்தரமான ஒரு திட்டத்தின் வயதுவாரிச் சந்தா அட்டவணையை வைத்துக் கூட்டினால், ஒன்பது ஆண்டுகளுக்கு 4,050 வெள்ளி வருகிறது. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டணத்திலும் 30 விழுக்காட்டை நாம் ஏற்க வேண்டும். பட்டுவின் இதயத்துக்கு இந்த இரண்டு ஆண்டுகளில் ஆன செலவு இது: மருத்துவமனைக்கு 2,864 வெள்ளி, நான்கு முறை ஸ்கேனும் ஆலோசனையுமாக 1,800, மாதம் 140 வீதம் மாத்திரைகளுக்கு 3,360. மொத்தம் 8,024. இதில் 70 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 5,617 வெள்ளி திரும்பி வந்திருக்கும், கட்டியதைவிடக் கூடுதல்.

ஆனால் அது, வீட்டில் தொடர்ந்து கொடுக்கும் மாத்திரைகளுக்கும் அந்தத் திட்டம் பணம் தந்தால்தான். விதிகளை மீண்டும் படித்தபோது, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் சோதனை ஆகியவற்றுக்கே அது பொருந்துவதாகத் தெரிந்தது. மாத்திரையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 4,664 வெள்ளி; அதில் 70 விழுக்காடு ஏறத்தாழ 3,265. கட்டியதற்கு 785 வெள்ளி குறைவு. எடுத்திருந்தால் லாபமா நட்டமா என்ற கேள்விக்கான விடை அந்த ஒரே விதியில் மொத்தமாகப் புரண்டுவிடுகிறது.

முதுமை நோய்களுக்குக் காப்புறுதி எவ்வளவு உதவும் என்பதை எடைபோட நான் இப்போது முதலில் பார்ப்பது இந்த விதியைத்தான். ஏனென்றால் நாய்க்கும் பூனைக்கும் வயதானபின் வருபவை பெரும்பாலும் நாள்பட்டவை. இதய வால்வு, மூட்டுத் தேய்மானம், நீரிழிவு. பூனைக்குச் சிறுநீரகமும் தைராய்டும். இவற்றில் பணம் ஒரே இரவில் போவதில்லை. மாத்திரை, சிறப்பு உணவு, வீட்டிலேயே தோலுக்கடியில் ஏற்றும் திரவம், மூன்று மாதத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனை என்று சொட்டுச் சொட்டாகப் போகும். காப்புறுதித் திட்டங்களோ பெருஞ்செலவு ஒரே நேரத்தில் வந்து விழுவதைத் தாங்குவதற்கு ஏற்றபடி அமைந்தவை. பற்களும் அப்படித்தான். மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்வதும் அழுகிய பல்லை எடுப்பதும் வயதான சிறு நாய்களுக்குத் தவிர்க்க முடியாத செலவு. பெரும்பாலான திட்டங்கள், விபத்தில் பல் உடைந்தால் ஒழிய, அதைத் தொடுவதில்லை.

இதற்காகக் காப்புறுதியே வீண் என்று நான் சொல்லவில்லை. எங்கள் புளோக்கில் ஆறாவது மாடியில் இருக்கும் குடும்பத்தின் நாய், இரண்டு வயதில் மாம்பழக் கொட்டையை விழுங்கிவிட்டது. அது குடலில் அடைத்துக்கொண்டு, வயிற்றைத் திறந்து எடுக்க 4,000 வெள்ளிக்கு மேல் ஆனது. ஓராண்டுக்கு முன்பே அவர்கள் காப்புறுதி எடுத்திருந்தார்கள். பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அதே 4,050 வெள்ளியை நான் சந்தாவாகக் கட்டாமல் மாதம் 37 வெள்ளி 50 காசு வீதம் சேமித்திருந்தால், இரண்டாம் ஆண்டு முடிவில் என்னிடம் 900 வெள்ளிதான் இருந்திருக்கும். கொட்டையை எடுக்க அது காணாது. சேமிப்புக்குக் காலம் வேண்டும். இளம் வயது விபத்து அந்தக் காலத்தைக் கொடுக்காது. இளம் பிராணிக்குக் காப்புறுதி, முதிய பிராணிக்குச் சேமிப்பு என்ற முடிவுக்கு இந்தக் கணக்கில்தான் வந்து சேர்ந்தேன். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இளமையில் எடுத்த காப்புறுதியை முதுமையில் விட்டுவிடலாமா என்பது இன்னும் கடினமான கேள்வி. விட்டால் திரும்ப நுழைய முடியாது. நிறுவனம் மாறினால், அதுவரை வந்த நோய்களெல்லாம் புதிய இடத்தில் ஏற்கெனவே இருந்தவை ஆகிவிடும். அதனால் சந்தா ஏற ஏற, வேறு வழியின்றிக் கட்டிக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது, புதுப்பிக்கும் கடிதம் வரும்போது சந்தாவை மட்டும் பார்க்காமல், ஆண்டு உச்சவரம்பு குறைந்திருக்கிறதா, நாம் ஏற்க வேண்டிய பங்கு வயதால் கூடியிருக்கிறதா, ஒரே நோய்க்கு ஆண்டுதோறும் வரம்பு புதிதாகத் தொடங்குகிறதா அல்லது ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதானா என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே. கடைசியாகச் சொன்னது நாள்பட்ட நோயில் மிக முக்கியம். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகத் தோன்றினால், முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட்டு, அதிலும் தீராதபோது நிதித்துறைப் பூசல்களைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் நிலையத்தை நாடலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

சோதனையைத் தள்ளிப்போடும் எண்ணத்துக்கு மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் இதே எண்ணத்தைத் தங்கையின் பேச்சிலும் கேட்டேன். காப்புறுதி உறுதியாகி, காத்திருப்புக் காலமும் முடியட்டும், அதன்பிறகு கருப்பனுக்கு இரத்தப் பரிசோதனை எடுக்கலாம் என்றாள். நோயின் அறிகுறி ஏதும் இல்லாத நான்கு வயதுப் பூனைக்கு ஒரு மாதம் பொறுப்பதில் கேடில்லை. ஆனால் அவன் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறான், எடை குறைகிறது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகின்றன என்றால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. பூனையின் சிறுநீரகம் பெரும்பகுதி பழுதான பிறகே வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறித் தெரியும். பிந்தும் ஒவ்வொரு மாதமும் மிச்சமிருப்பதிலிருந்து போகிறது. விலக்குப் பட்டியலுக்குப் பயந்து நோயை அறியாமல் இருந்துவிட்டால், காப்பாற்றப்படுவது சந்தாக் கணக்கு மட்டுமே.

பணத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது, எதுவரை செலவிடுவது என்பதையும் நலமாக இருக்கும் நாளிலேயே பேசி வைக்க வேண்டும். நாங்கள் 2023க்குப் பிறகு மருத்துவருடன் உட்கார்ந்து பேசினோம். மறுபடி நுரையீரலில் நீர் கோத்தால் ஆக்சிஜனும் ஊசியும் கொடுத்து ஒருமுறை முயன்று பார்ப்பது. இரண்டு நாளில் தேறவில்லையென்றால், மூச்சுக்கருவியில் போடாமல், வலியின்றி அனுப்பிவைப்பது. அம்மா இதை ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. "அவ திணறுறதப் பாத்துட்டேன், இன்னொரு தடவ அப்படி ரெண்டு நாளுக்கு மேல வேணாம்" என்று அவராகவே ஒரு மாலை சொன்னார். செலவுக்கு வரம்பு வைப்பது அன்பில் குறை வைப்பதாகும் என்று சிலர் நினைக்கலாம். அந்த வரம்பை எங்களுக்குக் காட்டியது அவள் உடல். பணம் பிறகுதான் வந்தது.

தங்கை நேற்று முடிவைச் சொன்னாள். அவள் பார்த்திருந்த இரண்டு திட்டங்களின் நிறுவனங்களுக்கும், தொடர் மருந்துக்கு இழப்பீடு உண்டா, ஒரு நோய்க்கான வரம்பு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குமா, எந்த வயதுவரை புதுப்பிக்கலாம் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கியிருக்கிறாள். ஒரு நிறுவனம் மூன்றுக்கும் தெளிவாகப் பதில் அனுப்பியது. மற்றது விதிப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னது. முதலாவதில் சேர்கிறாள். மாதம் 50 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடவும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

பட்டுவுக்குக் காப்புறுதி இல்லை. அவளுக்கென்று வைத்திருக்கும் கணக்கில் இன்று 1,900 வெள்ளி இருக்கிறது. அடுத்த ஸ்கேன் செப்டம்பரில்.